அண்ணி அமுக்கிய பொத்தான்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி. பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே எடை குறைகிறது என்பாள். தவறுதலாக வந்த போனைக்கூட யாரோ ஆள் வைத்து வேவு பார்ப்பதாகச் சொல்வாள். அவள் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே காலத்தை ஓட்டிவந்தார்.

முன்னறையில் ஓர் எம்பிராய்டரி மெஷின். பள்ளிச் சீருடைச் சட்டைகளில் சின்னம் தைத்துக் கொடுப்பதுதான் குடும்பத்தின் சோறு. மெஷினை ஓட்டுவது கணவர். சின்னத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த இடத்தில் நூல் மாற வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது அவள். அதற்கான சாஃப்ட்வேர் அந்தப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். அதை விற்ற கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. அதனால் அந்தக் கம்ப்யூட்டரை அவள் கைக்குழந்தையைப் போல வைத்திருந்தாள்.

அதன் வீடியோ கார்டுதான் கருகிப்போனது. கணவரின் தம்பி கம்ப்யூட்டர் மெக்கானிக். பழைய சாமான்கள் விற்கும் கடையெல்லாம் அலைந்து, பொருந்துகிற கார்டு ஒன்றைப் பிடித்து வந்து செருகினான். திரையில் படம் வந்தது. ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் அளவு, நிறங்களோ விரல் விட்டு எண்ணலாம். டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. மறுநாள் மாலைக்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சின்னம் போய்ச் சேர வேண்டும்.

"கார்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி. இதுக்குன்னு டிரைவர் போடணும். அது இல்லாம இந்தக் கார்டை எப்படி வேலை வாங்கறதுன்னு சிஸ்டத்துக்குத் தெரியாது" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காரணம் இருந்தது. பெரிய தெருவில் உள்ள எம்பிராய்டரி ஃபேக்டரியின் கம்ப்யூட்டர்களையும் இவன்தான் பார்த்துக்கொள்கிறான். அந்த ஃபேக்டரிக்காரர், 'உங்க டிசைனையெல்லாம் எனக்கே குடுத்துடுங்களேன்' என்று ஏற்கெனவே ஆள் அனுப்பிக் கேட்டவர். போதாததற்குக் கொழுந்தனின் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் துருத்திக்கொண்டு நின்றது. வந்ததிலிருந்து அவன் அதை எடுக்கவேயில்லை. எடுக்காததுதான் அவளுக்கு உறுத்தியது.

கணவரிடம் காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். "என் தம்பிதானே" என்றார். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றாள். அவர் வழக்கம் போலத் தலையாட்டிவிட்டு நூல் கோக்கப் போய்விட்டார்.

சிடி சுழன்றது. அதற்குள் கொழுந்தனுக்குப் போன் வந்தது. "ஆமா சார், அங்கதான் இருக்கேன். முடிச்சிட்டு வந்துடறேன்" என்று பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான். எந்த சார்? எதை முடித்துவிட்டு? அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு பெட்டி எழும்பியது. மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. எழுத்துக்கூட்டிப் படித்தாள். இந்த டிரைவர் சோதனையில் தேறவில்லையாம். போட்டால் சிஸ்டம் நிலைகுலையலாமாம். உடனே நிறுத்துவது நல்லதாம். கீழே இரண்டு பொத்தான்கள்: தொடர், நிறுத்து.

கம்ப்யூட்டரே கூப்பிட்டு எச்சரிக்கும்போது கேட்காமல் இருப்பாளா? நிறுத்து என்பதை அமுக்கினாள்.

அவன் திரும்பி வந்து, "ஏறலையே" என்று தலையைச் சொறிந்தான். சிடியைச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பெட்டி மறுபடி வந்தது. அவளும் மறுபடி அமுக்கினாள். இந்த முறை பெட்டியைப் படிக்கக்கூட இல்லை.

"சிடியில கீறல் விழுந்திருக்கும்போல" என்று அவன் வேறொரு சிடியை எடுத்தான். "இது இதே கார்டோட அண்ணன்காரனுக்கு, முந்தின மாடலுக்கு உள்ளது. ஒத்துவந்தாலும் வரும்." அந்த நேரம் பார்த்து மெஷினில் நூல் சிக்கி, கணவர் அவளைக் கூப்பிட்டார். சிக்கெடுத்துவிட்டு ஓடி வருவதற்குள் பெட்டியும் வந்து, அவன் கண்ணை மூடிக்கொண்டு தொடர் என்பதை அமுக்கி, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்துகொண்டிருந்தது.

எழுந்தது, திரை மட்டும் எழவில்லை. கன்னங்கரேலென்று கிடந்தது.

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சரியான டிரைவரையே எடுக்க மாட்டேங்குதுன்னா சிஸ்டமே கெட்டுப் போயிருக்கு அண்ணி. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் உண்டு."

அழிப்பதா? வந்துவிட்டான் விஷயத்துக்கு என்று அவள் மனம் கூவியது. அழித்தால் சாஃப்ட்வேரும் டிசைன்களும் போகும். திரும்பப் போட எங்கும் கிடைக்காது. வேலை கேட்டு அந்த ஃபேக்டரி வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இதற்குத்தானே இத்தனை நாடகம் என்று வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள். நாடகம் ஆடியது யார்? சிடியில் கீறலும் இல்லை, சிஸ்டத்தில் கோளாறும் இல்லை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"முதல் சிடியையே போடுங்க தம்பி."

"அது ஏறலையே அண்ணி."

"ஏறும்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் மெஷின் பக்கம் பார்த்தாள். கணவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்துன்னு வந்துச்சு. நான்தான் அமுக்கினேன். ரெண்டு தடவையும்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ கம்ப்யூட்டரை, டிரைவர் இல்லாமலே படம் காட்டும் சேஃப் மோடில் எழுப்பி, தப்பான டிரைவரைக் கழற்றினான். முதல் சிடியைப் போட்டான். பெட்டி வந்ததும் மவுஸை அவள் பக்கம் தள்ளினான்.

"பழைய கார்டு எல்லாத்துக்கும் இப்படித்தான் கேக்கும். நீங்களே அமுக்குங்க."

அமுக்கினாள். கம்ப்யூட்டர் அணைந்து, சிறிது நேரம் இருண்டு கிடந்து அவள் உயிரை வாங்கிவிட்டு எழுந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. பள்ளிச் சின்னத்தின் நீலமும் பொன்னிறமும் அதனதன் இடத்தில் இருந்தன.

அவன் சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தான். அட்டைகூடப் பிரிக்காத புதுசு. "இது இன்னொரு தடவை படுத்தா என்ன பண்ணுவீங்க? டிசைனையெல்லாம் ஒரு காப்பி எடுத்துவைக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன். முதல்லயே எடுத்திருந்தா நீங்க தப்பா நினைச்சிருப்பீங்க."

"நீங்களே எடுத்துக் குடுங்க தம்பி. நான் போய் டீ போடறேன்" என்று எழுந்தாள். அந்தக் கம்ப்யூட்டரோடு யாரையும் அவள் தனியாக விட்டதேயில்லை.

"வேண்டாம் அண்ணி. உக்காருங்க."

"எதுக்கு?"

"நீங்க பக்கத்துல இருந்து பாருங்க" என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாளைக்கு ஏதாவது காணோம்னா என்னால பதில் சொல்ல முடியாது."

அவள் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டிசைனையும் எடுப்பதற்கு முன்னால் அவன் பெயரைப் படித்துக் காட்டி, "எடுக்கட்டுமா அண்ணி?" என்று கேட்டான். அவளும் ஒவ்வொன்றுக்கும் "எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.