அரை நிமிட வெளிச்சம்

தையல்காரிக்குக் காலையிலிருந்தே எரிச்சல் எரிச்சலாக வந்தது. சொட்டு மருந்து விட்ட கண்ணில் எதிர்ச்சுவரின் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. விழித்திரை நடுவே கண்ணைக் காக்கும் மஞ்சள் நிறமி இவளுக்கு ரொம்பக் குறைவு என்று போன வருஷம் இந்தக் கண் ஆஸ்பத்திரியில்தான் படம் எடுத்துச் சொன்னார்கள். அவள் அம்மாவுக்கும் கண் நடுவிலிருந்துதான் இருண்டது. பார்வை போய்விட்டால் சோற்றுக்கு என்ன வழி? கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளை நிறுத்தி, துணிக் கம்பெனியில் தையலுக்குச் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதும் துணைக்கு வந்து, வெளியே உர்ரென்று உட்கார்ந்திருந்தாள்.

இந்த முறை டாக்டரம்மாவே படம் எடுக்க வந்தார். போன தடவை எடுத்த அவருடைய தம்பி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான்.

"தாடையை இதுல வைங்கம்மா. நீல வெளிச்சத்தையே பாருங்க. கண்ணு பழகின பிறகுதான் படம்."

"இன்னும் எவ்வளவு நேரம்? போன தடவை இந்த ரோதனையே இல்லையே. உட்கார்ந்ததும் பளிச்சுன்னு ஒண்ணு, அவ்வளவுதான், எந்திரிக்கச் சொல்லிட்டாரு."

டாக்டரம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அரை நிமிடம் முழுக்கக் காத்திருந்து படம் எடுத்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா, வெளிச்சம் காட்டாமலே எடுத்தியா? அப்படி எடுத்தா நிறமி கம்மியாத்தானேடா காட்டும்!"

"வெளிய அத்தனை பேர் நின்னாங்கக்கா... அரை நிமிஷம்தானேன்னு..."

"அறிவிருக்காடா உனக்கு?" டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க நிறமி நல்லாவே இருக்கு. நானும் அந்தப் படத்தை அப்படியே நம்பிட்டேன். மன்னிச்சிடுங்க."

சந்தோஷமா வந்தது? ஆத்திரம்தான் பொங்கியது.

"அடப்பாவி! நல்ல கண்ணை வச்சுக்கிட்டு எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டேனே!"

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா. அவகிட்ட உன் வாயாலயே சொல்லு." தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

சத்தம் கேட்டு மகள் பதறி எழுந்து நின்றாள். அம்மாவின் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"மொத்தமாப் போயிடுச்சாம்மா? போனாப் போகுது, அழாத. அதான் நான் தைக்கிறேன்ல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தையல்காரி பிடியை விடவில்லை.

"சொல்லுடா" என்றாள்.