மடிப்புக்கு விட்ட காம்பு

தையல்காரரின் மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து கொல்லையில் புல்லின் ராஜ்யம்தான். குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரைக்கொடியும் மிளகாய்ச்செடியும் களைக்குள் மூழ்கின. கொத்தனாரான அவள் தம்பி ஒரு வழி சொன்னான்: "சிமென்ட் போட்டுடலாம்க்கா. கூட்டினாப் போதும், கொத்த வேண்டாம். ஞாயித்துக்கிழமை வந்துடறேன்." சரி என்று சொன்னவள், அதன் பிறகு கொல்லைக் கதவையே திறக்கவில்லை.

தையல்காரர் அதைக் கவனித்தார். சனிக்கிழமை மாலை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அவளை இரும்புக்கடைக்கு அழைத்துப் போனார். நின்றபடியே இழுத்துக் களையெடுக்கிற நீளக் களைக்கொத்தி அங்கே கிடைக்கும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார்.

முதலில் காட்டியதை அவள் தூக்கிப் பார்த்தாள். "இதைத் தூக்க ஒரு ஆள், கொத்த ஒரு ஆள் வேணும்." அடுத்தது இலேசானது. சுண்டினால் கணீரென்றது. தகடு உள்ளங்கை அகலம்தான். இரண்டு செடிக்கு நடுவே தாராளமாக நுழையும். அதையே எடுத்துக்கொண்டார்கள். காம்பு தனியாக இருந்தது. அதன் ஒரு முனை பருத்திருக்கும். தகட்டின் வளையத்துக்குள் மெல்லிய முனையை விட்டு இழுத்தால், பருத்த முனை வந்து இறுகிக்கொள்ளும். இருந்ததிலேயே நீளமானதைத் தையல்காரர் எடுத்தார்.

"கொடிக்கம்பமா நடப் போறீங்க?" என்றாள் அவள்.

"மடிப்புக்கு விட்டிருக்கேன். கூட இருந்தா வெட்டிக்கலாம். குறைஞ்சா ஒட்டுப்போட முடியுமா?"

"காம்புக்கு ஏதுங்க மடிப்பு? நான் இனிமே வளரவா போறேன்?"

வீட்டில் அவளைச் செருப்புடன் நிற்க வைத்து, தரையிலிருந்து மோவாய் வரை டேப்பால் அளந்தார். சாக்கட்டியால் கோடு போட்டு அறுத்தார். ஆயுள் முழுக்க அவர் நீளம் குறைத்ததெல்லாம் கீழ்ப்பக்கம்தான், பேன்ட்டானாலும் பாவாடையானாலும். அதே கைப்பழக்கத்தில், தகடு மாட்ட வேண்டிய பருத்த முனை போய்விட்டது. மாட்டிய தகடு வழுக்கிக் கீழே விழுந்தது. துணியைச் சுற்றி இறுக்கிப் பார்த்தார். அப்போதும் ஆடியது.

காலையில் தம்பி சிமென்ட் மூட்டையோடு வந்து இறங்கினான். களைக்கொத்தியை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, தலை இந்த ஆட்டு ஆட்டுது!"

"உங்கக்காவைக் கட்டினவன் வீடு இல்லையா? தலையாட்டாம இருக்க முடியுமா?"

அவள் சிரிக்கவில்லை. "தம்பி, சிமென்ட் வேண்டாம்னு சொன்னாக் கோவிச்சுப்பியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த காம்புத்துண்டை எடுத்து உளியால் பிளந்தான். காம்பின் முனையில் ஒரு கீறல் போட்டு, தகட்டை மாட்டி, பிளந்த சில்லைக் கூர்சீவி அந்தக் கீறலில் வைத்துச் சுத்தியலால் இறக்கினான்.

"பாத்துக்குங்க மாமா. எனக்கு நானே ஆப்பு வெச்சுக்கறேன்."

ஆட்டம் நின்றது. கொல்லைக் கதவைத் திறந்து அவள் இறங்கினாள். நிமிர்ந்து நின்றபடி தகட்டை மண்ணின் மேல்தோலோடு இழுத்தாள். புல் வேர் அறுந்து புரண்டது. ஒரு பாத்தி முடிந்தபோது முதுகில் கைவைத்துப் பார்த்தாள். வலி இல்லை. கொண்டுவந்த சிமென்ட்டில் கொஞ்சத்தைக் குழைத்து, தம்பி குழாயடியைப் பூசிக் கொடுத்தான்.

வேலை முடிந்ததும் தையல்காரர் தகட்டின் மண்ணை வழித்து, வெட்டுத்துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டுத் தேய்த்தார்.

"ஆப்புக்குத் துண்டு எங்கேருந்து வந்தது? இதுக்குத்தான் மடிப்புக்கு விடணும்கறது."

"ஆமா," என்றாள் அவள், "முனை மாத்தி வெட்டினது யாராம்?"