தங்கைக் கல் போகும் வழி

கல் பிளப்பவரின் சமையலறைத் தரையில் இருந்த அச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை அடுப்படியை விட்டு ஒரு சாண் நகர்ந்திருந்தது. டைனோசர் காலத்தில் நாலாவது விரலில் சிறகைத் தொங்கவிட்டுப் பறந்த ஒரு பல்லியின் அச்சு அது. அலகு முதல் வால் நுனி வரை சுண்ணாம்புக் கல்லில் அப்படியே பதிந்திருந்தது.

அவர் வேலை செய்த குவாரியில் கற்பலகையைப் பிளக்கும்போது உள்ளே பிராணி இருந்தால், எலும்பு ஒட்டிய பாதி அக்கா, வெறும் அச்சு விழுந்த பாதி தங்கை. இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பார்கள். கல் பிளப்பவர் பிரித்தார். தலைநகர அருங்காட்சியகம் அக்காவை மட்டும் கேட்டது; தங்கை நல்ல கல், வீணாகப் போவானேன் என்று வீட்டில் பதித்துவிட்டார். இந்த மாதிரி கெட்டிக்காரத்தனத்துக்கு எங்கள் ஊரில் என்றைக்குமே பஞ்சம் இல்லை.

அச்சு நாளுக்கு ஒரு சாண் தலைநகரத் திசையில் போனது. சுண்ணாம்புக் கல்லில் மட்டும்தான் அதனால் நகர முடியும்; வீட்டுத் தரை முழுக்க அந்தக் கல்தான். ஐந்து வாரத்தில் வாசற்படிக்கு வந்தது. அங்கே கல் முடிந்து ரோடு ஆரம்பித்ததால் கிடந்து படபடத்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன. மேலே பூசிய சிமெண்ட் மறுநாளே தூளானது. லாரியில் ஏற்றப் பலகையைப் பெயர்த்தபோது அச்சு பக்கத்துப் பலகைக்கு நழுவிக்கொண்டது. அக்காவைத் திருப்பித் தர அருங்காட்சியகம் மறுத்துவிட்டது.

கல் பிளப்பவரின் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் அந்தக் கல்லைத் துடைத்தவள் அவள்தான். படபடப்பு உள்ளங்கால் வழியாக அவளுக்குள் ஏறிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்தாள், படுத்தால் நடந்தாள். ஒரு மாதம் பொறுத்துவிட்டுப் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க பிரிச்சீங்க. நான் கொண்டுபோய்ச் சேக்குறேன். வழிக்குக் கல்லு மட்டும் போட்டுக் குடுங்க.”

“நூத்தி எண்பது கிலோமீட்டர்மா. நாளுக்கு ஒரு சாணுன்னா ரெண்டாயிரம் வருஷம் ஆகும்.”

“ஆகட்டும். இந்த வீட்டுல என்னால நிக்க முடியலங்க.”

கல் போட்டால் அவள் போய்விடுவாள். போடாவிட்டால் நடந்து நடந்தே தேய்ந்துவிடுவாள். அவர் பயந்துபோனார். இருபத்தாறு வருடத்தில் அவள் இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. நாலாம் நாள் வாசலுக்கு வெளியே ரோட்டோரமாக முதல் பலகையைப் பதித்தார். ஐந்தாவது பலகையில் கையிருப்புத் தீர்ந்தது. இனி பின்னால் கிடப்பதைப் பெயர்த்து முன்னால் போட்டுக்கொண்டே போக ஒரு ஆள் கூடவே வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே போய்த் தன் சட்டைகளையும் அவள் பையில் திணித்தார்.

ஒன்பது வருடமாகிறது. வாசலிலிருந்து முக்கால் கிலோமீட்டர் போய், தீயணைப்பு நிலையத்தைத் தாண்டியிருக்கிறார்கள். முதலில் ஆட்சேபித்த நகராட்சி, பிறகு நடைபாதைப் பராமரிப்பு என்று எழுதிக்கொண்டது. தார்ப்பாய்க் கூடாரத்தில் அவள் நன்றாகத் தூங்குகிறாள். விடிந்ததும் அவர் பலகையைத் தூக்கி வைக்கிறார். அவள் குனிந்து மட்டம் பார்த்து, இந்தப் பக்கம் கொஞ்சம் இறக்குங்க என்கிறாள்.