வாளியில் ஒரு கெண்டை

"பிரேதம் வாசல் படலை தாண்டினதும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊத்தோணும். எல்லாத்தையும் வெளியிலை எடுத்து வை பிள்ளை."

பக்கத்து வீட்டு இராசம்மா மாமி சொன்னபடி, குடம், அண்டா, போத்தல் என்று வீட்டில் நின்ற தண்ணீரையெல்லாம் டிலக்சனா முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த பிள்ளைக்கு வேலை கொடுப்பதுதான் மாமிக்குத் தெரிந்த வைத்தியம். நடு வீட்டில், தலைமாட்டுக் குத்துவிளக்கு எரிய, அவளுடைய அண்ணன் யசோதரன் கிடந்தான்.

கடைசியாகப் பின் தாழ்வாரத்துப் பத்திக்குப் போனாள். அங்கே மூடி போட்ட நீல வாளி நின்றிருக்க வேண்டும். அதற்குள் ஒரு மீன் உயிரோடு இருந்தது. தண்ணீரோடு அதையும் ஊற்றிவிடுவார்களே என்று, மாமி வீட்டில் கொண்டுபோய் வைக்கத்தான் வந்தாள். வாளியைக் காணவில்லை. சீமெந்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.

மூன்று மாதமாக யசோதரனுக்கு மீன்தான் வேலை. கம்பசிலிருந்து வந்த ஸுஹறா மிஸ், சண்டைக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஓடைகளில் என்னென்ன மீன் மிஞ்சியிருக்கிறது என்று பதிந்துகொண்டிருந்தார். யசோதரன் வலை வீசுவான். பிடித்த மீனைச் சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, பக்கத்தில் பிடித்த இடத்தின் இலக்கமெழுதிய துண்டை வைத்துப் படமெடுப்பான். பிறகு திரும்ப விட்டுவிடுவான். விரல் நீள மீனைக் கறிக்கும் ஆகாமல் படமெடுத்து விடுகிறவனை நறுவிலிக்குளம் ஊரே நன்றாகப் பகிடி பண்ணியது. அவன் சட்டை செய்யவில்லை. "எடுத்த இடத்திலைதான் விடோணும். வேறை தண்ணியிலை விட்டால் நாங்கள் எழுதினதெல்லாம் பொய்யாப் போடும்" என்பான். வலைப்பை தூக்கப் போகும் தம்பி கபிலனுக்கும் அது மனப்பாடம்.

முந்தாநாள் பின்னேரம் கமராவின் பற்றறி இறங்கிவிட்டதால் ஒரு கெண்டையை வீட்டுக்கே கொண்டுவந்தான். கடையில் சார்ஜ் ஏற்றி, நேற்றுக் காலையில் படமெடுத்தான். கொண்டுபோய் விட வெளிக்கிட முன் தேத்தண்ணி கேட்டான். அவள் கொண்டுவருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்துவிட்டான். அத்தனை ஷெல்லுக்கும் தப்பி வந்தவன், முப்பத்தாறு வயதில், ஓட்டோ வருமுன் போய்விட்டான். அம்மாவையும் அப்பாவையும் பங்கர் ஓரமாக அவசரமாகப் புதைத்துவிட்டு வந்த மூன்று பேரில், இப்போது இரண்டு பேர்.

"கபிலன் எங்கை? கொள்ளி வைக்கிறவன் இன்னும் குளிக்கேல்லையோ?" என்று ஐயர் கேட்டார்.

வாளியோடு போனது கபிலன்தான் என்று டிலக்சனாவுக்கு விளங்கிவிட்டது. முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஸுஹறாவிடம் ஓடினாள்.

"மிஸ், அந்தக் கடைசி மீனை அண்ணா எங்கை பிடிச்சவர்?"

ஸுஹறா கைப்பையில் வாங்கி வைத்திருந்த யசோதரனின் கமராவை எடுத்துக் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். செட்டையோரம் சிவந்த கெண்டை. பக்கத்தில் துண்டு: பதினேழு. அவருடைய முகம் வெளுத்தது.

"அது சிவப்புக் கட்டைக்கு அங்காலை. அங்கை போக வேணாமெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். ஓமெண்டு தலையாட்டினவர்."

சிவப்புக் கட்டைக்கு அங்காலை இன்னும் மிதிவெடி எடுக்கவில்லை. அது ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

டிலக்சனா ஓடினாள். துக்கத்தில் விசர் பிடித்துவிட்டது என்று பின்னால் யாரோ கத்தினார்கள். வயல் வரம்பில் பாதி தூரம் போயிருப்பாள், வீட்டில் பறை தொடங்கியது. முதல் அடி விழுந்ததும் அப்படியே குந்திவிட்டாள். பறைதான் என்று தெரிந்த பிறகும் அடுத்த அடிக்குத் தலையைக் கையால் மூடினாள். அதற்கடுத்த அடிக்கும் மூடிக்கொண்டே எழுந்து ஓடினாள்.

ஓடைக்கரையில் மண்டையோட்டுப் பலகை. அதையொட்டிச் சிவப்புத் தலைக் கட்டைகள். அண்ணன் போகுமுன் பெய்த மழையில் ஈரமாகியிருந்த மணலில், அவனுடைய செருப்புத் தடம் கட்டைகளைத் தாண்டி உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு செருப்புத் தடத்துக்குள்ளும் வெறுங்கால் விரல்கள் புதிதாகப் பதிந்திருந்தன.

கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், திரும்பினால் கால் விலகும். கையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். பற்றைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பயம் அவளுக்குப் பங்கருக்குள்ளும் வந்ததில்லை. அண்ணன் செத்துக் கிடப்பதே அந்த நேரம் மறந்து போனது. அதை நினைத்துப் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள்.

கபிலன் வெறும் வாளியோடு வந்தான். நிலத்தைப் பார்த்தபடி, கொக்குப் போல ஒவ்வொரு காலாக வைத்து வந்தான். கடைசிக் கட்டையைத் தாண்டும் வரை அவள் மூச்சு விடவில்லை. தாண்டியதும் கன்னத்தில் அறைந்தாள்.

"எனக்கு இனி ஆரடா இருக்கு?"

"அண்ணான்ரை அடியிலைதான் கால் வைச்சுப் போனனான் அக்கா."

"முழுக்கத் தெரிஞ்சுதோ?"

அவன் வாளியைக் கை மாற்றினான். பிறகு, "நடுவிலை ஒரு துண்டு புல்லு. அதிலை தெரியேல்லை" என்றான்.

"திரும்பி வந்திருக்கலாமே!"

"மீன் மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடினது. நிக்கேலாமல் போட்டுது."

"புல்லிலை எத்தினை அடி வைச்சனி?"

"போகேக்கை ஆறு. வரேக்கை அஞ்சு."

அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வரம்பு முழுக்க விடவில்லை. கிணற்றடியில் அவன் குளித்து வேட்டி கட்டும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு திரும்பவும் பிடித்துக்கொண்டாள். எங்கே போனீர்கள் என்று ஆட்கள் கேட்டார்கள். ஸுஹறா மட்டும் வெறும் வாளியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

பிரேதம் படலைக்கு வந்தது. கபிலனின் ஒரு கையில் கொள்ளிச்சட்டி. மற்றக் கை அக்காவிடம்.

"பொம்பிளையள் இதோடை நில்லுங்கோ" என்றார் ஐயர்.

டிலக்சனா கையை விடவில்லை.

"விடு பிள்ளை. அவன் சுடலைக்குப் போட்டு வந்திடுவான்" என்றாள் இராசம்மா மாமி. டிலக்சனாவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதும் மாமிதான்.

கபிலன் முன்னே நடந்தான். பாடை பின்னே போனது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். ஒழுங்கை மணலில் தம்பி எங்கே காலை வைக்கிறான் என்று டிலக்சனா பார்த்துக்கொண்டு நின்றாள்.