அவளாகப் போகவில்லை

விழித்ததும் தையல்காரியின் கை ஜன்னல் கொக்கியைத் தேடி இடப்பக்கம் நீண்டது. வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது. பெண்கள் காப்பகத்துக்கு வந்து மாதங்கள் ஆகியும் அந்தக் கைக்கு மட்டும் புத்தி வரவில்லை.

“மறுபடியும் சுவரைத் தடவுறியாம்மா?” என்று மகள் சிரித்தாள். தையல்காரியும் சிரித்துவைத்தாள். கை தேடிய கொக்கி ஊரில் இருந்த வீட்டு ஜன்னலில்; தையல்காரியின் அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. கணவன் வெறுங்கையோடு வந்து சேர்ந்தவன். அந்தக் கைதான் அவள் மணிக்கட்டை முறித்தது.

அந்த வீட்டை அவள் திரும்பக் கேட்டிருந்ததால் அன்று ஊர்க்கூட்டம். அவர்கள் பழங்குடி மக்கள்; குடியிருப்பு நிலம் எல்லோருக்கும் பொது. வீட்டை விட்டுப் போனவருக்கு அதில் பாத்தியதை இல்லை என்பது வழக்கம். தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். அவள் அழுதுகொண்டு வந்தபோதெல்லாம், “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று திருப்பி அனுப்பியவர்.

“நான் துரத்தலையே மச்சான், அவளாத்தானே போனா” என்றான் கணவன்.

“ஆமா, கைய உடைச்சு டாட்டா காட்டித்தான் அனுப்பிவச்சான்!” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. “வழக்கம்னு ஒண்ணு இருக்கே தங்கச்சி.”

இந்த அண்ணன் முகத்துக்காக எத்தனை வருஷம் வாயை மூடிக் கிடந்தோம் என்று நினைத்தபோது, அவளுக்குப் பயம் விட்டுப்போனது.

“அண்ணே, காட்டுல வனத்துறைக்காரங்க நம்ம தாத்தா குடிசைய எரிச்சாங்க. உசுரு பிழைக்க ஓடி வந்தோம். இப்ப அதிகாரிங்க, ‘நீங்களாத்தானே காலி பண்ணினீங்க’ன்னு சொல்றாங்க. கேட்டா உனக்கு வயிறு எரியுதில்ல? அந்த நிலம் நம்மளுதுன்னு இன்னும் அலையறே. எனக்கு மட்டும் ஏண்ணே வேற நியாயம்?”

கோணலாகக் கூடியிருந்த அவள் மணிக்கட்டை அண்ணன் பார்த்தார். இத்தனை நாள் அவர் பார்க்காமல் தப்பித்த கை அது.

“சாவிய அவகிட்ட கொடு மாப்ள.”

“அப்ப நான் எங்க போறது?”

“இதே கேள்விய அவ கேட்டப்போ நாங்க யாரும் பதில் சொல்லலையே.” அண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “உசுருக்குப் பயந்து ஓடினவ உரிமைய விட்டுட்டு ஓடல. வீட்ட விட்டுப் போகவேண்டியவன் அடிச்சவன், அடி வாங்கினவ இல்ல. இனிமே இதுதான் நம்ம வழக்கம்.”

“பூட்டையும் புதுசா மாத்துங்க” என்றாள் அக்கா.

மறுநாள் விழித்ததும் தையல்காரியின் கை இடப்பக்கம் நீண்டது. கொக்கி அங்கேயே இருந்தது. திறக்காமல், கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.