அடிக்குறிப்பில் சுந்தரம்மாள்

பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு இப்போது வருபவர்கள் குறைவு. மனைவி இறந்து ஆறு வருடம். மகன் பெங்களூரில். அதனால் எம்.ஏ. வரலாறு படிக்கும் பாண்டிமீனா கதவைத் தட்டி, திருமங்கலம் பக்கத்துக் குடிநீர்க் கிணறுகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாகச் சொன்னபோது, உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தேன்.

ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் வாளி விட முடியாத காலம் அது. என்னைப் பெற்ற அய்யா, கூலிக்காரரான கருப்பு, எங்கள் தெருவுக்கென்று தனிக் கிணறு வெட்டினார். பாறை கண்டதும் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அவர் மட்டும் இறங்கினார். அந்தக் கிணற்றை நாலுவழிச் சாலைக்காக மூடிவிட்டார்கள். அய்யாவின் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான்; தேடிப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பாண்டிமீனா ஒரு படிவத்தை எடுத்தாள்.

"கிணறு வெட்டுனது எந்த வருசம் சார்?"

"ஐம்பத்தெட்டு."

"நீங்க பிறந்தது?"

"ஐம்பத்துநாலு."

பேனா நின்றது. "அப்ப இம்புட்டையும் யார் சொல்லிக் கேட்டீங்க?"

"யார் சொல்லணும்? எங்க அய்யா செஞ்சது எனக்குத் தெரியாதா?"

"கோவிச்சுக்காதீங்க சார். ஒருத்தவுக பாத்துச் சொன்னதை நீங்களே பாத்த மாதிரி எழுதக் கூடாது. எங்க கைடு அந்தப் பக்கத்தையே அடிச்சிருவாரு. உங்க அய்யாவே சொன்னாகளா?"

அய்யா தன் காரியத்தைத் தானே சொல்கிற ஆளில்லை. சொன்னது அக்கா. பதினோரு வயதில் அந்தக் கிணற்று மண்ணைச் சுமந்தவள். எனக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்வாள். கயிறு அறுந்தது, அய்யாவின் தோள் கிழிந்தது, முதல் தண்ணீர் செம்மண்ணாக ஊறியது, எல்லாம் அவள் வாய் வார்த்தை.

இருபத்தாறு வருடத்துக்கு முன் அவள் தன் மகளை வேறு சாதியில் கட்டிக்கொடுத்தாள். இனி நீ எங்கள் குடும்பத்தில் இல்லை என்றேன். அவளும் வரவில்லை. என் மனைவியின் சாவுக்குக்கூட நான் சொல்லி அனுப்பவில்லை.

பாண்டிமீனா பையை மூடினாள். "பாத்தவுக யாரும் இல்லேன்னா விட்டுரலாம் சார். பக்கத்து ஊருல ரெண்டு கிணறு இருக்கு."

"எழுதிக்க," என்றேன். "சுந்தரம்மாள். என் கூடப் பிறந்தவ. செல்லூர்ல தறி ஓட்டுற அவ வீட்டுக்காரரு காசிமாயன் பேரைச் சொல்லிக் கேளு."

நாலாம் நாள் திரும்பி வந்தாள். நான் அதற்குள் மூன்று முறை வாசலுக்குப் போய் வந்திருந்தேன்.

"பாத்தேன் சார். நல்லா இருக்காக. காதுதான் கொஞ்சம் மந்தம்."

"என்ன சொன்னா?"

"அது வேணாம் சார்."

"சொல்லு."

"'குடும்பத்துல இல்லாதவ சாட்சி எதுக்கு? அவரு பெரிய ஆபீசரு, அவரே எட்டிப் பாத்ததா எழுதிக்க'ன்னாக. என் பேரைப் போட்டுக்க, கையெழுத்து மட்டும் கேக்காதன்னுட்டாக."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"உங்களுக்கு யாரு சமைச்சுப் போடுறாகன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்."

அவள் நோட்டைப் புரட்டினாள். "கிணத்தை விட்டுரலாம் சார். இல்லேன்னா, அக்கா சொல்லிக் கேட்டது, அக்கா உறுதி சொல்ல மறுத்துட்டாகன்னு உள்ளபடி அடிக்குறிப்புப் போடணும். படிக்கிறவுகளுக்கு உங்க வீட்டு விஷயம் தெரிஞ்சுரும்."

எங்கள் வீட்டு விஷயம் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று வாழ்ந்தவன் நான். ஆனால் அய்யாவின் பெயர் நிற்பதற்கு வேறு இடம் இல்லை. அதற்காக, பார்க்காததைப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடவும் என்னால் முடியாது.

"போடு."

"மறுத்துட்டாகன்னா?"

"ஆமா. ஏன் மறுத்தான்னும் போடு. தம்பி ஒதுக்கி வச்சுட்டான், அதனாலன்னு."

"காரணமெல்லாம் அடிக்குறிப்புல வராது சார். யாருகிட்டக் கேட்டது, அவுக மறுத்தாகங்கிறது வரைக்கும்தான்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். காரணம் என்னிடமே இருந்தது.