மாடி அறைச் சங்கம்

பர்மாவில் பட்டாளத்து ஆட்சி ஒழிந்து ஜனநாயகம் வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சியம்மன் கோயிலில் நெய் விளக்குப் போட்டவள் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருத்திதான். பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே யார் ஆண்டால் எனக்கென்ன? ஆனால் ஜனநாயகம் வந்தால்தான் மா ஸான் ஊர் போய்ச் சேருவாள். அவள் போனால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருக்கும் வீடு என் அப்பா எனக்கு எழுதி வைத்தது. கீழே தறி, மேலே ஓர் அறை. என் வீட்டுக்காரர் ராஜவேலு ஐயம்பேட்டைக்காரர். பதினாலு வயதில் மாமாவோடு கப்பலேறி ரங்கூனுக்குப் போய், ஒரு பட்டுக்கடையில் பதினைந்து வருஷம் இருந்தார். பட்டாளத்துக்காரர்கள் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டதும், அறுபத்து நாலில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். என் அப்பா அவரைத் தறியில் உட்கார வைத்தார், அடுத்த வருஷம் என்னையும் கட்டிக்கொடுத்தார். அந்தப் பதினைந்து வருஷத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. கேட்டால், "அது போச்சு, வுடு அம்சா" என்பார். நானும் விட்டிருந்தேன்.

கோர்வைச் சேலை நெய்ய ஆள் இரண்டு வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் உடல் நூல் ஓடுகிற நாடாக் கட்டையைத் தள்ளுவார். வலது பக்கம் உட்கார்ந்தவர் கரை நாடாவைத் தள்ளி அதோடு கோத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து வருஷமாக அந்த வலது பக்கம் என் இடம். பகல் முழுக்க அவர் தோளும் என் தோளும் ஒரு முழ தூரத்தில் இருக்கும். அதிகம் பேச மாட்டார். நாலு வார்த்தைக்காரர் என்று என் தங்கை நீலாம்பாள் கேலி செய்வாள். எனக்கு அந்த நாலே போதுமாக இருந்தது.

எழுபதாம் வருஷம் தை மாதம் மூன்று பர்மாக்காரர்கள் மாடிக்குக் குடி வந்தார்கள். பெரியவர் ஊ த்வே ரங்கூனில் பத்திரிகை நடத்தியவர். பத்திரிகையை மூடி அவரையும் பிடிக்க வந்தபோது தப்பி வந்துவிட்டாராம். கூட அவர் தம்பி மகன். மூன்றாவது ஆள், பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்த மா ஸான். பெரியவரை என் வீட்டுக்காரருக்குக் கடைக் காலத்திலிருந்தே தெரியும். "பாவம், ஊரு வுட்டு ஊரு வந்துக்கினு இருக்காங்க, மேல சும்மாதானே கிடக்குது" என்றார். நானும் சரி என்றேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்?

என் வீட்டுக்காரருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் மாடிக்குப் போவார். பர்மா பாஷையில் கடகடவென்று பேச்சு வரும். நடுவே மா ஸான் ஏதாவது சொல்வாள், இவர் வாய்விட்டுச் சிரிப்பார். நான் கீழே சோறு வடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு எழுத்துப் புரியாது. என் நாலு வயது மகள் கலாவதிகூட மேலே போய், "தித், நித், தோன்" என்று எண்ணப் படித்துக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பித்தாள். முதுகில் ஒன்று வைத்தேன். குழந்தைக்கு எதற்கு அடி விழுந்தது என்றே புரியவில்லை.

மாசி மாதம் தாமலில் நீலாம்பாள் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். நான் மட்டும் போய்விட்டு, சாப்பிட்ட கையோடு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. யாரை வைத்துக்கொண்டு நெய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். என் இடத்தில் மா ஸான் உட்கார்ந்திருந்தாள். என் கரை நாடா அவள் கையில்.

"இன்னா இது?" என்றேன்.

"நாளைக்குத் தறியிலேந்து சேல அறுக்கணும் அம்சா. ஒரு சாண்தான் பாக்கி இருந்துச்சு."

"சாயங்காலம் வந்துடப்போறவதானே நான்? செத்தா பூட்டேன்?"

மா ஸான் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். அவர் பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "அவங்க அம்மா மாந்தலேல பட்டு நெய்யறவங்க. நூறு நாடா போட்டு நெய்வாங்களாம்" என்றார். நூறு நாடாக்காரி! எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் பிடுங்கிக்கொண்டாள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்.

அவள் கோத்த அந்த ஒரு சாணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் இழையாவது தொங்காதா, ஓர் இடத்திலாவது நெளியாதா என்று நகத்தால் தடவினேன். ஒரு குறை இல்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இந்த லட்சணத்தில்தான் சங்கப் பேச்சு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து பர்மா ஜனநாயக நண்பர்கள் சங்கம் என்று ஒன்று தொடங்கி, அதை நம் சர்க்காரிடம் பதிவு செய்ய வேண்டுமாம். பதிவு இருந்தால்தான் பத்திரிகை அடிக்கலாம், கூட்டம் போடலாம், டெல்லிக்கு மனு எழுதினால் யாராவது பிரித்துப் படிப்பார்கள். பதிவு இல்லாவிட்டால் நாலு பேர் கூடி உட்கார்ந்தாலே போலீஸ் வந்து என்ன ஏது என்று கேட்கும். பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். மாடியில் மூவர், என் வீட்டுக்காரர், வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை பார்க்கும் பர்மா வீரபாகு, அவர் மச்சான். ஏழாவதுக்கு ஆள் அகப்படாமல், மனு எழுதிக் கொடுத்த தர்மனையே சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் தடவை மனு திரும்பி வந்துவிட்டது. வேறு நாட்டு ஆட்சியை மாற்றுவது என்று நோக்கம் எழுதினால் பதிவு செய்ய வழியில்லை என்றார்களாம். அகதிகளுக்கு உதவி, வாசகசாலை, பத்திரிகை என்று தர்மன் மாற்றி எழுதினார். இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். சங்கத்துக்கு விலாசம் வேண்டும். அந்த வீட்டுக்கு உரியவர் சம்மதம் என்று எழுதி, பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு உரியவள் நான்.

அந்தச் சம்மதத் தாளைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் பதினொரு நாள் சும்மா இருந்தேன். அவர் கேட்கவில்லை. அவரா கேட்பார்? பன்னிரண்டாம் நாள் மா ஸானே இறங்கி வந்தாள். நான் ராட்டையில் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ரங்கூனில் பக்கத்து வீட்டுத் தமிழர்களிடம் பொறுக்கிய தமிழ் அவளுடையது.

"அக்கா, கையெழுத்து வேணும்."

"உங்க ஊரு சரியாச்சுன்னா நீ போயிடுவியா?"

"அன்னிக்கே போய்டும் அக்கா. என் மாப்பிள்ளை ஜெயில்ல. எட்டு வருசம் ஆச்சு பாத்து."

இரக்கம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரக்கம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஒன்று வந்ததால் மற்றது போய்விடவில்லை. ஜெயிலில் புருஷன் இருக்கிறவள் என் புருஷனிடம் ஏன் அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டும்? இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டேன். சங்கம் பதிவானால் பத்திரிகை வரும். பத்திரிகை வந்தால் நாலு தேசத்தார் கேள்வி கேட்பார்கள். கேட்டால் பட்டாளம் இறங்கும். இறங்கினால் இவள் கப்பலேறுவாள். அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் விளக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை எல்லாரும் பதிவு ஆபீசுக்குப் போனோம். கல்யாணத்துக்குப் போகிறவள்போலக் கட்டம் போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா பட்டியலை உரக்கப் படிக்க, பதிவாளர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஊ த்வே, அறுபத்திரண்டு வயசு, பத்திரிகை, சொந்த ஊர் ரங்கூன். மா ஸான், முப்பத்து மூணு, ஆசிரியை, சொந்த ஊர் மாந்தலே. ராஜவேலு, முப்பத்தஞ்சு, நெசவு, சொந்த ஊர் ரங்கூன்."

பதிவாளர் நிமிர்ந்தார். "நீங்க பர்மாக்காரரா?"

"இல்ல சார். பொறந்தது ஐயம்பேட்டை" என்றார் இவர்.

"அப்ப ஐயம்பேட்டைன்னு தானே இருக்கணும்?"

"சொந்த ஊருன்னு கேட்டாங்க சார்." இவர் தலையைத் தூக்கவில்லை. "அதான்."

"சரி, எதுவா இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று பதிவாளர் தாளை என் பக்கம் தள்ளினார். "வீட்டுக்காரம்மா, நீங்க இங்க போடுங்க."

பேனாவை வாங்கினேன். ஐயம்பேட்டை இங்கிருந்து சைக்கிளில் போனால் முக்கால் மணி நேரம். பெற்றவர்களும் பங்காளிகளும் அங்கே. பெண்டாட்டியும் குழந்தையும் தறியும் இங்கே. இத்தனைக்கும் மேல் அவருக்குச் சொந்த ஊர் ரங்கூன்! இத்தனை நாள் ஒரு பொம்பளையைப் பார்த்து வெந்து செத்திருக்கிறேன். பொம்பளை என்றால் எதிரில் நின்று மல்லுக் கட்டலாம். ஓர் ஊரோடு எப்படிக் கட்டுவது? ஜனநாயகம் வந்தால் அவள் மட்டுமா கப்பலேறுவாள்? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை இருக்கிறதே, நான் குடியரசை நம்பிக் கைவிடப் பார்த்தேன்.

"சார், நான் போடலன்னா?"

"பதிவு ஆவாதும்மா. வேற விலாசம் பாக்கணும்."

"அப்ப அந்த எடத்துல ஐயம்பேட்டைன்னு திருத்தச் சொல்லுங்க. திருத்தினா போடறேன்."

"இன்னாம்மா இது, சின்னப் புள்ளயாட்டம்" என்றார் வீரபாகு. பெரியவர் ஊ த்வே கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மா ஸான் என்னைப் பார்த்தாள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து அவள் பாஷையில் சின்னதாக என்னவோ சொன்னாள்.

அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ரங்கூன் என்ற எழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே ஐயம்பேட்டை என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நான் அப்பா பேரையும் சேர்த்து முழுசாகக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது. மாடிப்படி ஓரம் தகரப் பலகை மாட்டினார்கள். முதல் பத்திரிகையும் வந்துவிட்டது. எல்லாம் நான் நினைத்தபடி நடக்கிறது. அவர் மட்டும் இப்போது மாடிக்குப் போவதில்லை. மாடிக்காரர்கள் படியில் நின்று பர்மா பாஷையில் கேட்டால், தமிழில் பதில் சொல்கிறார். கலாவதி "தித்" என்று ஆரம்பித்தால், "ஒண்ணுன்னு சொல்லும்மா" என்கிறார்.

கிணற்றடியில் ஒருநாள் மா ஸானிடம் கேட்டேவிட்டேன், அன்றைக்கு ஆபீசில் அவரிடம் என்ன சொன்னாய் என்று.

"எழுதிக் குடுத்துடு, ஊரு கோவிச்சுக்காதுன்னு சொன்னேன் அக்கா" என்றாள்.

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கோபம் வந்தது. அவள் மேல்கூட இல்லை. இவருக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் மாம்பழக் கரைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் திடீரென்று எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். என் நாடா கரையைத் தாண்டி வந்து நின்றது. அவர் நாடா வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கால் மிதியில் அப்படியே இருக்க, அவர் மேலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போய்ட்டுத்தான் வாங்களேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"அங்க எனக்கு இன்னா வேல?" என்று அவர் நாடாவைத் தள்ளினார். "நான் ஐயம்பேட்டைக்காரன்."